முதல் நாள் வள்ளல்கள்

2008 செப்டம்பர் 2-ஆம் தேதி கூகுள் நிறுவனம் குரோம் உலாவியை வெளியிட்டது. அன்றைக்கே அதை இறக்கி, நிறுவி, திறந்து பார்த்து, மறுநாள் விடிவதற்குள் புகழ்ந்தும் முடித்தவர்களுக்கு இதுவரை யாரும் ஒரு பாராட்டு விழா எடுக்கவில்லை. இன்று உலகில் இணையத்துக்குள் நுழைகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். அந்த வாசலில் தோரணம் கட்டியவர்களுக்கு ஒரு மாலை மரியாதையாவது செய்ய வேண்டாமா? அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பாராட்டுரை.

முதலில் அவர்களுடைய வாசிப்பு ஆர்வத்தைப் போற்றுகிறேன். புதிய உலாவியை விளக்குவதற்காக கூகுள் 38 பக்கப் படக்கதை ஒன்றை அச்சிட்டது. வரைந்தவர் ஸ்காட் மெக்ளவுட், படக்கதைக் கலையைப் பற்றியே படக்கதையாகப் புத்தகம் எழுதிய மேதை. பத்திரிகையாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பிய பிரதிகள் ஐரோப்பாவில் ஒரு நாள் முன்னதாகவே கைக்குக் கிடைத்து இணையத்துக்கு வந்துவிட்டன. வெளியீட்டு நாள் வரை பொறுக்க முடியாத நம் ஆர்வலர்கள் 38 பக்கத்தையும் அன்றிரவே படித்தார்கள். ஒவ்வொரு டேபும் தனித்தனிச் செயல்முறையாக இயங்குவது ஏன், நினைவகம் எப்படித் துண்டு துண்டாகிறது, ஜாவாஸ்கிரிப்டை வி8 எஞ்சின் எப்படி நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம் ஆயிற்று. மறுநாள் பதிவிறக்கப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டிக்குள் ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதற்குக் கீழே ‘ஏற்று நிறுவுக’ என்ற பொருள்படும் பொத்தான். அந்தப் பெட்டியில் படம் எதுவும் இல்லை. 38 பக்கம் படித்த கண்களுக்கு அந்த இடத்தில் ஓய்வு கொடுத்த அவர்களின் நிதானம் பாராட்டுக்குரியது.

அந்த ஓய்வில் பிறந்ததுதான் அவர்களின் கொடை. ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவில், இந்தச் சேவையின் வழியாக நீங்கள் அனுப்புகிற, இடுகிற, காட்டுகிற எதையும் படியெடுக்கவும், மாற்றவும், மொழிபெயர்க்கவும், வெளியிடவும், பரப்பவும் கூகுளுக்கு உரிமை தருகிறீர்கள் என்று இருந்தது. அந்த உரிமை என்றென்றைக்கும் உரியது, திரும்பப் பெற முடியாதது, உலகம் முழுவதற்கும் செல்லுபடியாவது, காசு கேட்காதது. பதிப்புரிமை உங்களுடையதே என்றும், சேவைகளைக் காட்டவும் பரப்பவும் விளம்பரப்படுத்தவுமே இந்த உரிமை என்றும் அங்கே எழுதியிருந்தது. ஆனால் உலாவி என்பது எல்லாமே கடந்து போகும் பாதை. காதல் கடிதம், கட்சிக்காரருக்கு வக்கீல் எழுதும் பதில், எழுத்தாளர் பதிப்பகத்துக்கு அனுப்பும் கையெழுத்துப் படி எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன.

பாரி முல்லைக்குக் கொடுத்தது ஒரு தேர். பேகன் மயிலுக்குக் கொடுத்தது ஒரு போர்வை. இருவருக்கும் தாம் கொடுப்பது இன்னதென்று தெரியும். தேர் போனால் நடந்து வீடு திரும்ப வேண்டும் என்று பாரிக்குத் தெரியும். நம் வள்ளல்கள் அந்தக் கணக்கையும் பார்க்காதவர்கள். என்ன கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம், எத்தனை காலத்துக்குக் கொடுத்தோம் என்று கேளாமலே ஒரு சொடுக்கில் கொடுத்தார்கள். கடையெழு வள்ளல்களின் பட்டியலில் எட்டாவது இடம் காலியாக இருந்தது என்றால் அது 2008-இல் நிரம்பிவிட்டது.

வாங்கியவரின் சிக்கனத்தையும் சேர்த்துப் புகழ வேண்டும். அந்தப் பிரிவு ஏன் அப்படி இருந்தது என்று கேட்டபோது, மற்றச் சேவைகளுக்கான பொது நிபந்தனைகளையே குரோமுக்கும் பயன்படுத்திவிட்டோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் லார்ஸ் பாக் தலைமையில் ஒரு குழுவை அமர்த்தி, ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதச் செய்த நிறுவனம் அது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் தேர்ந்த பொறியாளர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு, டேபின் வளைவு வரை மெருகேற்றிய நிறுவனம். இவ்வளவு செலவுக்கு நடுவில், பயனர்களின் உரிமையைச் சொல்லும் காகிதத்துக்கு மட்டும் வேறொரு சேவையின் பழைய நகல் போதும் என்று கண்டது. எதைப் புதிதாகச் செய்ய வேண்டும், எதைப் படியெடுத்தால் போதும் என்று தெரிந்த சிக்கனம் அது.

சிலர் மட்டும் அந்தக் கொடையைக் கெடுத்தார்கள். பெட்டிக்குள் இருந்த எழுத்தைக் கீழே வரை தள்ளித் தள்ளிப் படித்த வழக்கறிஞர்களும் எழுத்தாளர்களும் வெளியீட்டு நாளன்றே பதினோராம் பிரிவைத் தூக்கிக் காட்டினார்கள். அடுத்த நாளே நிறுவனம் அந்த உரிமையை நீக்கியது. உங்கள் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும் என்ற அளவில் பிரிவைச் சுருக்கியது; ஏற்கெனவே பொத்தானை அழுத்தியவர்களுக்கும் அதையே பொருத்தியது. இப்படியாக வள்ளல்கள் கொடுத்ததைப் படிப்பாளிகள் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது தெரியாததால் திரும்பி வந்ததும் வள்ளல்களுக்குத் தெரியவில்லை. வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்பார்கள். இங்கே வலது கைக்கே தெரியவில்லை.

அடுத்து அந்த ஒற்றைப் பெட்டி. முகவரிக்கு ஒன்று, தேடலுக்கு ஒன்று என்று அதுவரை இரண்டு பெட்டிகள் இருந்தன. குரோம் இரண்டையும் ஒன்றாக்கி ஆம்னிபாக்ஸ் என்று பெயர் வைத்தது. அழகு, எளிமை, தெளிவு என்று முதல் நாள் பயனர்கள் வாய் ஓயாமல் புகழ்ந்தது இதைத்தான். அந்தப் புகழுக்கு அது தகுதியானதே. எழுத எழுத, என்டர் தட்டுவதற்கு முன்பே, பரிந்துரை காட்டுவதற்காக அந்த எழுத்துகள் தேடுபொறிக்குப் போய்ச் சேர்ந்தன. பாதி எழுதி வேண்டாம் என்று அழித்ததையும் கேட்டுக்கொள்ளும் செவி அது. ஒரு நோயின் பெயரை எழுதத் தொடங்கி, பயந்து நிறுத்தினாலும் அது உங்களைத் தனியே விட்டுவிடவில்லை. பெற்ற தாயிடமும் சொல்லாமல் விழுங்கிய சொல்லுக்கு இப்படியொரு கவனிப்பு கிடைத்தது. அமைப்புகளுக்குள் போய் இதை நிறுத்த வழி இருந்தது. ஆனால் அன்பாகக் கேட்கிறவரை நிறுத்தச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அப்படி வந்தவற்றில் சுமார் இரண்டு சதவீதத்தை, அனுப்பிய கணினியின் ஐபி முகவரியோடு சேமிப்போம் என்று நிறுவனம் ஒளிக்காமல் சொன்னது. இங்கும் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 8 அன்று, அந்தச் சேமிப்பில் இருந்து அடையாளத்தை சுமார் 24 மணி நேரத்துக்குள் நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. இந்த இரண்டு பின்வாங்கல்களையும் நினைவில் வையுங்கள். இந்த உரைக்கு அவை பிறகு வேண்டும்.

வேகத்தைப் பற்றி வந்த புகழ் முழுவதும் உண்மை. அன்றைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒரு பக்கத்தைத் திறக்கத் திணறிக்கொண்டிருந்தபோது குரோம் பறந்தது. வேகம் கையில் வந்ததும் மற்றக் குறைகளை நம்மவர்கள் பெருந்தன்மையோடு மறந்தார்கள். எக்ஸ்டென்ஷன்கள் 2010-இல்தான் எல்லோருக்கும் வந்தன. அச்சிடுமுன் பார்க்கும் வசதி 2011 வரை இல்லை. மேக், லினக்ஸ் வைத்திருந்தவர்கள் 2009 டிசம்பர் வரை வெளியே நின்றார்கள். அவர்களின் குறையெல்லாம் தமக்கு இது கிடைக்கவில்லையே என்பதுதான். பந்தியில் இடம் கிடைக்காதவர் சாப்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டார் அல்லவா? அந்தப் பண்பாட்டை அவர்கள் காத்தார்கள்.

உறுதிக்குக் கிடைத்த புகழும் சாதாரணமானதல்ல. ஒரு டேப் செத்தால் மற்றவை பிழைக்கும் என்று படக்கதை பக்கம் பக்கமாக விளக்கியிருந்தது. வெளியான சில நாளிலேயே, முகவரிப் பெட்டியில் ஒரு சொல்லுக்குப் பின் ‘:%’ என்ற குறிகளைச் சேர்த்தால் எல்லா டேபும் ஒன்றாகச் சாய்வதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆப்பிள் தன் சஃபாரியில் முன்பே அடைத்துவிட்ட ஓர் ஓட்டை, இரண்டு உலாவிகளுக்கும் பொதுவான வெப்கிட் எஞ்சினின் பழைய நகலோடு சேர்ந்து இங்கே திறந்தபடி வந்திருப்பதையும் காட்டினார்கள். சேமித்த பாஸ்வேர்டுகளை, உங்கள் நாற்காலியில் உட்காரும் எவருக்கும் இரண்டு சொடுக்கில் எழுத்தெழுத்தாகக் காட்டும் விருந்தோம்பலும் அதில் இருந்தது. 2013-இலும் அதைப் பற்றி விவாதம் நடக்கும் அளவுக்கு அந்தப் பண்பு நீடித்தது. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்புக்கான அரசு அலுவலகம் மட்டும், சோதனை நிலையில் உள்ள இந்த உலாவி அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்று எச்சரித்தது. ஓர் அரசு அலுவலகத்தின் எச்சரிக்கைக்கு அசையாத நெஞ்சுரம் நம் முதல் நாள் பயனர்களுக்கு இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 11-இல், சரியாக நூறாம் நாளில், குரோம் சோதனைப் பட்டத்தைக் களைந்தபோது பயனர்களின் எண்ணிக்கை ஒரு கோடி.

நிறுவும்போது இந்த உலாவி நிர்வாகியின் அனுமதி கேட்கவில்லை. பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் அமைதியாக அமர்ந்தது. அலுவலகக் கணினிப் பிரிவு எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் அது ஒரு தடையாகவில்லை. கூடவே வந்த புதுப்பிக்கும் நிரல் பின்னணியில் தானாக ஓடியது. கேட்காமலே புதிய பதிப்பை இறக்கியது. பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததில் இதன் பயன் பெரிது. நேற்று இருந்தது இன்று எங்கே என்று தேடவும், இன்று வந்தது எதற்கு என்று கேட்கவும் பயனருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வீட்டுக்காரர் தூங்கும்போது அறைகளை மாற்றி அமைக்கும் இந்தச் சேவையை முதல் வாரத்தில் நுட்பம் என்று புகழ்ந்தார்கள். பிறகு அது வழக்கமாயிற்று. வழக்கமானதை யாரும் புகழ்வதில்லை, கேள்வியும் கேட்பதில்லை.

உலாவிய வரலாற்றைக் கணினியில் வைக்காத இன்காக்னிட்டோ முறை அவர்கள் நம்பிக்கைக்கு வைத்த சிகரம். தொப்பியும் கண்ணாடியும் அணிந்த ஓர் உருவம் சன்னலில் தோன்றியது. தகவல் திரட்டும் இணையத்தளங்கள், வேவு பார்க்கும் முதலாளிகள், ரகசிய உளவாளிகள், உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள் ஆகியோரிடம் கவனமாக இருங்கள் என்று அந்தப் பக்கம் எச்சரித்தது. இவ்வளவு பேரையும் நினைவு வைத்து எழுதிய கை, தன் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்காத அடக்கத்தை எப்படிப் புகழ்வது! அந்த முறையிலும் கூகுள் தகவல் திரட்டுகிறது என்று 2020-இல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2024-இல், அந்த முறையில் உலாவியவர்களிடம் இருந்து சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தப் பக்கத்தின் வாசகமும் திருந்தியது. தொப்பியைக் கண்டதும் நம்பியவர்களின் பதினாறு ஆண்டு விசுவாசம் அது.

தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப் பெருமை உண்டு. குரோமின் உருவாக்கத்தை வழிநடத்தி, வெளியீட்டு நாளில் மவுண்டன் வியூ அரங்கில் அதை அறிமுகம் செய்தவர்களில் ஒருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2015-இல் அவர் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனபோது ஊர் ஊராக மகிழ்ந்தோம். அவர் உழைப்பும் திறமையும் அந்த மகிழ்ச்சிக்கு முற்றிலும் தகுந்தவை. நம்ம ஊர்ப் பிள்ளை கட்டிய வீட்டில் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது மரியாதையா? படிக்கவில்லை. உறவு முறையை இவ்வளவு மதிக்கிற சமூகம் வேறு எங்கே இருக்கிறது?

‘இனிமேல் போட்டி வரும், ஒரே நிறுவனத்தின் ஆதிக்கம் உடையும்’ என்று முதல் வாரத்தில் பலரும் சொன்னார்கள். அவர்கள் வாக்கு பலித்தது. 2012 மே மாதத்தில், ஸ்டாட்கவுண்டர் கணக்கின்படி, குரோம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை முந்தியது. மைக்ரோசாஃப்ட்டின் ஆதிக்கம் உடைந்தது. 2013-இல் ஓபெரா தன் சொந்த எஞ்சினை விட்டு, குரோமின் திறந்த மூல அடித்தளமான குரோமியத்துக்கு வந்தது. 2020-இல் மைக்ரோசாஃப்டின் எட்ஜும் அதே குரோமியத்தின் மேல் ஏறியது. பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் என்று பெயர்கள் பெருகின. உள்ளே எஞ்சின் ஒன்றே. கடையை மாற்றலாம், சரக்கு மாறாது என்னும் அளவுக்கு ஒற்றுமை வளர்ந்திருக்கிறது. தனிக் குடித்தனம் நடத்துகிறவர்களில் பேர் சொல்லும்படி மிஞ்சியவர்கள் ஃபயர்பாக்ஸும் சஃபாரியும். அந்த ஃபயர்பாக்ஸின் வருமானத்தில் பெரும்பகுதியும் கூகுள் தேடலை முன்வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். எதிரிக்கும் சோறு போடும் இந்தப் போட்டியைப் போல் நாகரிகமான போட்டியை வணிக உலகம் அரிதாகத்தான் கண்டிருக்கும்.

ஆதிக்கம் வந்த பிறகும் வாக்குக் கொடுக்கும் வழக்கத்தை நிறுவனம் விடவில்லை. வலைத்தளம் விட்டு வலைத்தளம் பின்தொடரும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. பிறகு தேதி தள்ளிப் போயிற்று. இன்னொரு முறையும் போயிற்று. 2025 ஏப்ரலில் குக்கிகள் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று முடிவாயிற்று. அவசரப்படாத தன்மைக்கு இது எடுத்துக்காட்டு. அதே காலத்தில் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதி மாறி, கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் குரோமில் இயங்காமல் போனது. இந்த மாற்றமும் முதலில் குறித்த தேதியைத் தாண்டித்தான் வந்தது, ஆனால் கைவிடப்படாமல் நடந்து முடிந்தது. விளம்பரத்தில் வாழும் வீட்டில் எதைக் கைவிடலாம், எதைக் கைவிடக் கூடாது என்பது தெளிவாக இருக்கிறது.

2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பான ஏகபோகத்தைக் காத்து வருகிறது என்று தீர்ப்பளித்தார். குரோமை விற்கச் சொல்லும்படி அமெரிக்க அரசு கேட்டது. விற்க வேண்டியதில்லை என்ற உத்தரவு 2025 செப்டம்பர் 2-ஆம் தேதி வந்தது. குரோமின் பதினேழாவது பிறந்த நாள்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இரண்டு பின்வாங்கல்களை இப்போது எடுத்துக்கொள்வோம். பதினோராம் பிரிவு திருந்த ஒரு நாள் ஆயிற்று. ஐபி முகவரி பற்றிய முடிவு திருந்த ஒரு வாரம் ஆயிற்று. அப்போது குரோமின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதம். ஒவ்வொரு பயனரும் அதற்கு வேண்டியவர். மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்த பிறகு, ஓர் எச்சரிக்கைப் பக்கத்தின் வாசகம் திருந்த நான்கு ஆண்டு வழக்கு தேவைப்பட்டது. புதிய உலாவி ஒன்று பயனரின் சொல்லுக்கு முழுதாகச் செவி சாய்ப்பது அதன் முதல் வாரத்தில்தான். பேரம் பேசும் பலம் பயனரின் கையில் இருக்கும் வாரமும் அதுதான். அந்த வாரத்தை முழுக்க முழுக்க வேகத்தையும் டேபின் வளைவையும் புகழவே செலவிட்ட வள்ளல்களுக்கு என் வணக்கம். பலம் கையில் இருந்தபோது அதைப் பயன்படுத்தாதவர்களைச் சான்றோர் என்று அழைக்காமல் வேறு என்ன சொல்லி அழைப்பது?

அவர்களின் வாரிசுகள் இப்போது களத்தில் இருக்கிறார்கள். 2025-இல் பெர்ப்ளெக்சிட்டியின் காமெட் வந்தது; அக்டோபரில் ஓபன்ஏஐயின் அட்லஸ் மேக் கணினிகளுக்கு வந்தது. பக்கத்தைப் படித்துச் சொல்லும், நமக்குப் பதிலாகச் சொடுக்கும், பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு உலாவிகள் இவை. ஒரு பக்கத்தில் ஒளித்து வைத்த எழுத்தையும் உரிமையாளரின் கட்டளையாகவே ஏற்று நடக்கும் பணிவு காமெட்டுக்கு உண்டு என்று பிரேவ் நிறுவன ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். குரோம் கேட்டது நாம் எழுதிய எழுத்தை. இவை நம் மின்னஞ்சலுக்குள் வந்து உட்கார்ந்து நம் பெயரில் பதில் எழுதத் தயாராக இருக்கின்றன. முதல் நாள் பாராட்டுகள் குறைவில்லாமல் வந்தன. வேகம், அழகு, எதிர்காலம்.

இவற்றின் பங்கு இன்னும் மிகச் சிறியது. அதாவது, சொன்னால் கேட்கும் காலம் இன்னும் முடியவில்லை. இந்த நேரத்தில் நிபந்தனைப் பெட்டியைக் கடைசி வரி வரை இறக்கிப் படித்து, எது எங்கே போகிறது என்று கேட்டு, பதில் வரும் வரை பொத்தானைத் தொடாமல் இருக்கும் சிலர் எங்காவது இருப்பார்கள். 2008-இல் வள்ளல்களின் கொடையைக் கெடுத்தவர்களும் அவர்களைப் போன்றவர்களே. இந்தப் பாராட்டுரையில் அவர்களுக்கு இடமில்லை. நாம் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் இப்படியொரு உரைக்கே இனி வேலை இருக்காது. அந்த இழப்பை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.